தட்டில் வடிந்த நுரை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வெட்கம் என்பதே விட்டுப்போய்விட்டது. ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து பூவராகன் ஒரு மணி நேரமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் பெஞ்சில் ஒருத்தி தன் பித்தப்பைக் கல்லின் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பக்கத்தில் இருந்தவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள், என்னவோ மகள் கல்யாண ஆல்பம் மாதிரி. பக்கத்தில் இருந்தவள் சும்மா இருந்தாளா? "எனக்கு ரெண்டு" என்றாள். சுவரோரம் நின்ற ஒருவன், மூன்று நாளாகத் தனக்கு வெளிக்குப் போகவில்லை என்பதைத் தாம்பரம் முழுக்கக் கேட்கும்படி செல்போனில் சொல்லிக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் வியாதி வந்தால் பொத்தி வைப்பார்கள். இப்போது நன்றாக இருக்கிறவன்கூடப் போய்ப் படுத்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா பார் என்று துழாவச் சொல்கிறான். கிடைத்தால் ஊருக்குக் காட்டுகிறான். கிடைக்காவிட்டால் ஏமாந்துபோகிறான்.

அவரையும் அப்படித்தான் துழாவினார்கள். வலி என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. மகன் பரணி வண்டி ஓட்டுகிற கம்பெனியில், வேலைக்காரர்களின் குடும்பங்களுக்கு உடம்பு பார்க்கிறோம் என்று முகாம் போட்டார்கள். ஊரப்பாக்கத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அப்பனையும், தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவையும் அவன் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தான். அம்மா அங்காளம்மாளுக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு ஈரலில் கட்டி. கோலிக்குண்டைவிடப் பெரிசு, எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னது.

என்ன கட்டி என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. சாயம் ஏற்றிப் பெரிய மெஷினில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஏற்றினார்கள். ஐந்தாவது நிமிஷம் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, கண் செருகிவிட்டது. அவரைத் தூக்கி நிறுத்துவதற்குள் அவர்களுக்கு வேர்த்துக் கொட்டியது. இனி சாயம் கூடாது என்று சீட்டின் மேல் சிவப்பில் எழுதினார்கள். காந்த மெஷினுக்குள் அனுப்பலாம் என்றார் ஒருவர். முப்பது வருஷத்துக்கு முன்னால் தொடையில் ஏறி முறிந்த தூண்டில் முள் இன்னும் உள்ளேயே கிடக்கிறது, காந்தம் இழுத்தால் ரத்தக்குழாயைக் கிழித்துக்கொண்டு வரும் என்று இன்னொருவர் தடுத்தார். ஊசி குத்திச் சதை எடுக்கலாமா என்றால், ரத்தக் கட்டியாக இருந்தால் உள்ளேயே கொட்டிவிடும், பயம் என்றார்கள். படித்தவர்களுக்குப் பயம் வந்தால் கத்தியை எடுத்துவிடுவார்கள். வியாழக்கிழமை காலை வயிற்றைத் திறந்து ஈரலில் ஒரு பங்கை அறுத்து எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. பரணி கையெழுத்தும் போட்டுவிட்டான். அறுபத்தெட்டு வயது ஆளின் வயிற்றை அறுக்க அந்த ஆளைக் கேட்க வேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அறுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது என்று ஸ்கேன் டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இந்த வாசல்.

"இன்னாமே, கூடையை யார்ட்ட வுட்டுட்டு வந்த?" என்றார் பூவராகன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம்.

"முனியம்மாகிட்ட. அவ வித்துக் குடுப்பா. நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சிகினு குந்தாத."

"அவளா? மூணு நாள் ஐஸ்ல கெடந்ததை இன்னிக்குக் காலைல புடிச்சதுன்னு விப்பா."

"நான் மட்டும் இன்னா சொல்லி விக்கறன்?" என்றாள் அங்காளம்மாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்கேன் டாக்டர் ஹேமநாத்துக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பேசும்போது ஆளைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துப் பேசுகிற பழக்கம். அவருக்குப் பக்கத்தில் ஒல்லியாக, தடித்த கண்ணாடியும் நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடுமாக இன்னொருவர் நின்றிருந்தார். வண்டலூர்ப் பக்கம் ஏதோ பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவராம். பெயர் தோத்தாத்ரி.

"நீங்க இன்னா டாக்டரு?" என்று கேட்டார் பூவராகன்.

"நான் டாக்டர் இல்லை. பொருள்களைப் பத்திப் படிச்சவன்."

"எந்தப் பொருளு?"

"ரொம்பச் சின்னப் பொருள். கண்ணுக்கே தெரியாது."

கண்ணுக்குத் தெரியாததை விற்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கோயில் வாசலில் உட்கார்ந்து விற்பார்கள். இந்த ஆள் ஏசி அறையில் விற்கிறார்.

தோத்தாத்ரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். "இந்த மெஷின் உள்ளே சத்தத்தை அனுப்பறது. நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். அது எதுல பட்டுத் திரும்பறதோ அதுதான் படத்துல தெரியும். ரத்தத்துல பட்டா திரும்பறதே கிடையாது, அதனால ரத்தம் கறுப்பா இருக்கும். காத்துல பட்டா பளிச்சுன்னு திரும்பும். அதனால நாங்க காத்தைச் சின்னச் சின்னக் குமிழாக்கி ரத்தத்துல விடறோம். ரத்தம் எங்கெங்க போறதோ, அங்கெல்லாம் வெள்ளையா வரும். உங்க கட்டிக்குள்ள ரத்தம் எப்படி நுழையறதுன்னு பார்த்தா, அது நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு டாக்டர் சொல்லிடுவார்."

பூவராகன் மனைவியைப் பார்த்தார். "இன்னாமே, நம்ம பொட்டி கதையால்ல கீது இது."

அங்காளம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த வருஷம், ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் பூவராகன் அப்போது மீன் பிடித்துக்கொண்டிருந்த கானத்தூர் குப்பத்துப் படகுகளுக்கு மீன் காட்டும் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். அதுவும் தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்புகிற பெட்டிதான். ஒரு நாள் திரையில் பாய் விரித்த மாதிரி கறுப்பாகக் காட்டியது. பெட்டியை நம்பி வலையை விட்டு, நாலு பேர் கை எரிய எரிய இழுத்தால், வந்தது பூராவும் கொழகொழவென்று சொறிமீன். கையெல்லாம் தடித்ததுதான் மிச்சம். பக்கத்தில், பெட்டி வெறும் தண்ணீர் என்று காட்டிய இடத்தில், பெட்டியே இல்லாத ஒருத்தன் தூண்டிலில் பதினோரு வஞ்சிரம் பிடித்துக்கொண்டு போனான். வஞ்சிரம் பெட்டியில் தெரியாததற்குக் காரணம் மீன் அறுக்கிறவளுக்குத் தெரியும். பன்னா மீனின் வயிற்றில் காற்றுப்பை உண்டு. வஞ்சிரத்துக்குக் கிடையாது. வயிற்றில் காற்று இருக்கிற மீன்தான் பெட்டியின் கண்ணில் சட்டென்று படும்.

"அதாவது," என்றார் பூவராகன், "வஞ்சிரத்து வவுத்துல பன்னாவோட காத்துப்பையை வெச்சித் தெச்சி அனுப்பறீங்க. பொட்டிக்குத் தெரியணும்னு."

தோத்தாத்ரி எழுந்தே நின்றுவிட்டார். "அதேதான்! சார், இதைவிட அழகா யாருமே சொன்னதில்லை. ஹேமநாத், கேட்டீங்களா?"

படித்தவன் பாராட்டினால் பூவராகனுக்கு முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். "குந்துங்க," என்றார். "காத்து ரத்தத்துல போய் ஒடையாதா?"

"சாதாரணக் குமிழ் உடைஞ்சிடும். அதனாலதான் அதுக்கு ஒரு தோல் போட்டிருக்கோம். எங்க ஆராய்ச்சியே அந்தத் தோல்தான். மணல்ல இருக்கற சரக்குதான், ஆனா மணலை லட்சக்கணக்காப் பிளந்த மாதிரி பொடி. ஒரு தலைமுடியோட தடிப்புல அந்தப் பொடியை ஆயிரக்கணக்குல வரிசையா நிறுத்தலாம்."

"நிறுத்திப் பாத்தியா?"

"யோவ், ஒயுங்கா பேசு," என்றாள் அங்காளம்மாள்.

"சும்மா இரு. என் ரத்தத்துல மண்ணை ஏத்தறேன்னு சொல்றாரு, நீ ஒயுங்கு பாக்கற. அந்த மண்ணு அப்பால எங்க போவும்?"

"காத்து பத்து நிமிஷத்துல மூச்சு வழியா வெளியே போயிடும். பொடியை மெல்ல மெல்ல ஈரல் கழிச்சிடும்," என்றார் தோத்தாத்ரி.

"எந்த ஈரலு? வியாயக்கெயமை நீங்க அறுக்கப்போற ஈரலா?"

டாக்டர் ஹேமநாத் இருமினார். நாலு பக்கத் தாள் ஒன்றை எடுத்து மடமடவென்று படித்தார். இது புதுசு, பரீட்சையில் இருப்பது, உங்கள் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டோம், எப்போது வேண்டாம் என்றாலும் நிறுத்திவிடலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் பூவராகன். ஆனால் காதில் விழுவதைப் பிடித்துவைத்துக்கொள்வார்.

"எனக்கு முன்ன எத்தினி பேருக்குப் போட்டீங்க?"

"மூணு பேருக்கு. நீங்க நாலாவது. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"படம் வந்துச்சா?"

"ரெண்டு பேருக்குப் பிரமாதமா வந்தது," என்றார் தோத்தாத்ரி.

"மூணாவது ஆளு?"

"அவருக்குச் சரியா ஏறலை. சில உடம்புல அப்படி ஆகும்."

பூவராகன் அதையும் பிடித்துவைத்துக்கொண்டார். பிறகு பேனாவை வாங்கி, தனக்கு எழுதத் தெரிந்த ஒரே வார்த்தையைப் பெரிசு பெரிசாக எழுதினார். நம்பிக்கையால் எழுதவில்லை. எழுதாவிட்டால் வியாழக்கிழமை இருந்த இடத்திலேயே இருக்கும்.

கட்டிலில் படுக்க வைத்துக் கையில் ஊசியைச் செருகி பிளாஸ்டர் ஒட்டினார்கள். தோத்தாத்ரி ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டி, சிரிஞ்சில் மருந்தை இழுத்தார். தண்ணீர் விட்ட தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. மூக்கில் மூடி போட்டு, பக்கத்து மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளருக்குள் அதை நிமிர்த்தி வைத்தார். "ஏத்தறதுக்கு முன்னாடி நல்லா உருட்டிக் கலக்கிடணும், மறந்துடாதீங்கோ" என்று அங்கே நின்ற சின்ன வயது நர்ஸிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

டாக்டர் பூவராகனின் வயிற்றில் பசையைத் தடவியதும் மின்சாரம் போயிற்று.

அந்த வருஷம் போகாத நாள் ஏது? ஜெனரேட்டர் ஆபரேஷன் அறைக்கு மட்டும்தானாம். டாக்டர் சலித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார். தோத்தாத்ரி போனில் பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார். சின்ன நர்ஸ் மணி பார்த்தாள், டியூட்டி முடிந்தது, போய்விட்டாள். அங்காளம்மாள் சீட்டால் புருஷனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். பூவராகனுக்குப் பார்ப்பதற்கு அந்த டம்ளரைத் தவிர வேறொன்றும் இல்லை. கண்ணுக்கு நேராக இருந்தது. பார்த்துக்கொண்டே கிடந்தார். கீழே மெல்ல மெல்லத் தெளிந்தது. வெள்ளை எல்லாம் மேலே, ஊசி மூக்கைப் பார்க்க ஏறியது. ஒரு மணி நேரத்தில், மேலே ஒரு விரல்கடை தடிப்பு நுரை, கீழே பச்சைத் தண்ணீர்.

மின்சாரம் வந்தது. எல்லாரும் ஓடி வந்தார்கள். புது டியூட்டிக்கு வந்தவர் சிஸ்டர் கங்கையம்மாள். ஐம்பத்தைந்து வயது, நடையிலேயே அதிகாரம். டாக்டருக்கே கட்டளை போடுகிற ஜாதி. சிரிஞ்சை எடுத்தார், மூடியைக் கழற்றினார், வெளிச்சத்தில் நிமிர்த்திப் பிடித்தார். முகத்தைச் சுளித்தார். நகத்தால் இரண்டு தட்டு தட்டி, அடியை அழுத்தி, மேலே நின்ற நுரை முழுவதையும் ஸ்டீல் தட்டில் பீச்சினார். ஒரு பொட்டு வெள்ளை பாக்கியில்லை. பிறகு திருப்தியாக, மிச்சத்தைப் பூவராகனின் கையில் ஏற்றினார்.

பூவராகன் பார்த்தார். நாலு பேர் படித்தவர்கள் நிற்கிறார்கள், திரைந்து போனதைக் கொட்டுகிறார்கள் போலிருக்கிறது, நம்மை யார் கேட்டார்கள் என்று கிடந்தார்.

திரை இருட்டாகவே இருந்தது. டாக்டர் ஹேமநாத் மெஷினின் ஒயரில் தொங்கிய கட்டையை வயிற்றின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். ஈரலும் கறுப்பு, கட்டியும் கறுப்பு. தோத்தாத்ரியின் முகம் தொங்கிவிட்டது.

"இவருக்கும் ஏறலை சார்," என்றார் டாக்டர்.

"போன வாரம் மாதிரியேவா?"

"அதே மாதிரி. இவங்கெல்லாம் வருஷக்கணக்கா குடிச்சவங்க சார். லிவர் அந்த நிலைமைல இருக்கும். மருந்து எங்கே போய்ச் சேரும்? விடுங்க." அங்காளம்மாளின் பக்கம் திரும்பினார். "அம்மா, இதுல ஒண்ணும் தெரியலை. வியாழக்கிழமை ஆபரேஷன் பண்ணிடறதுதான் நல்லது."

அங்காளம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

குடித்தவன்தான், இல்லையென்று பூவராகன் என்றைக்கும் சொன்னதில்லை. ஆனால் இவர்கள் கொட்டிவிட்டு அவர் ஈரல்மேல் பழி போடுகிறார்கள். படுத்த வாக்கில் கையை நீட்டினார்.

"டாக்டரே. மருந்து என் ஈரலுக்கு வரல. தோ, அந்தத் தட்டுல கீது."

யாருக்கும் புரியவில்லை.

"காலைல பாலாட்டம் இருந்துச்சு. ஒரு அவுரு நிக்க வெச்சீங்க. நொரை மேல ஏறிடுச்சு, தண்ணி கீழ நின்னுடுச்சு. இந்தம்மா வந்து நொரையைத் தட்டுல பீச்சிட்டு எனக்குத் தண்ணியை ஏத்துச்சு. அப்பால பொட்டியை வெச்சித் தேடினா இன்னா வரும்? சொறி கூட வராது."

"என்ன பேசறீங்க பெரியவரே?" சிஸ்டர் கங்கையம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பத்திரண்டு வருஷமா ஊசி போடறேன். காத்து இருந்தா வெளியே தள்ளிட்டுத்தான் போடணும். ஒரு குமிழ் உள்ளே போனாலும் ஆள் காலி. எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டார்!"

"பாடமா? இன்னா பீச்சினன்னு கேட்டா பாடமா?"

தோத்தாத்ரி தட்டிடம் போனார். குனிந்தார். எவர்சில்வரில் வெள்ளைக் கோடு பாதி காய்ந்து கிடந்தது. விரலால் தொட்டுக் கண்ணாடிக்கு அருகில் வைத்துப் பார்த்தார். நிமிரவேயில்லை.

"சிஸ்டர்," என்றார் மெதுவாக, "அந்தக் காத்துதான் மருந்து."

"காத்தா? மருந்தா? எனக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. சொன்னது காலை நர்ஸிடம், அவள் போய்விட்டாள். புட்டியின் மேல் எழுதியிருந்தது இங்கிலீஷில், எறும்பு எழுத்தில், கலக்கச் சொல்லி. கங்கையம்மாள் செய்தது முப்பத்திரண்டு வருஷமாக ஒழுங்காகச் செய்ததைத்தான். கையில் காற்றைப் பார்த்தால் எந்த நல்ல நர்ஸும் அதைத்தான் செய்வாள். அந்த அம்மாள்மேல் பூவராகனுக்குக் கோபம் கொஞ்சமும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் டீ குடிக்கப் போனவர்கள்மேல்தான் காறித் துப்பலாம் போலிருந்தது.

"இன்னொரு புட்டி இருக்கு," என்றார் தோத்தாத்ரி. "அடுத்த பேஷண்டுக்கு வெச்சது. இவருக்கே போட்டுடலாம்."

அதை அவர் உருட்டிக் கலக்கி இழுத்து வெள்ளையாக நீட்டியபோது, கங்கையம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் கையால காத்தை ஏத்த மாட்டேன். சார் வேணும்னா போட்டுக்கட்டும். நாளைக்கு அந்தாளுக்கு ஒண்ணு ஆனா பேர் எனக்கு."

அந்த அறையில் அன்றைக்கு முழுசாக உண்மை பேசியது அந்த அம்மாள் ஒருத்திதான் என்று பூவராகனுக்குப் பட்டது. காற்று ஊசி போட்டால் ஆள் போய்விடுவான் என்று அவரும் கேள்விப்பட்டதுதான். குப்பத்தில் சண்டைக்காரிகள் சாபம் விடுவதே அப்படித்தான்.

"வேணாம்யா," என்றாள் அங்காளம்மாள். "வா, போய்க்கலாம்."

"போய்? வியாயக்கெயமை உன் புள்ள இஸ்துகினு வந்து படுக்க வெப்பான்." மேல்துண்டைச் சரி செய்துகொண்டார். "கத்தியில போறதுக்குக் காத்துல போனா வவுறாவது முழுசா இருக்கும். போடுய்யா டாக்டரே. தட்டுல வுடாம போடு."

ஹேமநாத்தே போட்டார். ஏற்றுவதற்கு முன்னால் சிரிஞ்சை மறுபடி ஒரு தடவை உருட்டினார். அதையும் பூவராகன் பார்த்தார்.

இருபது எண்ணுவதற்குள் திரையில் ஈரல் பளபளவென்று விடிந்தது. நடுவில் கட்டி மட்டும் கறுப்பு வட்டமாக நின்றது. பிறகு அதன் ஓரத்தில் அங்கங்கே வெள்ளைத் திட்டு. திட்டுகள் வீங்கி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, விளிம்பிலிருந்து உள்ளே உள்ளே நகர்ந்தன, முகத்துவாரத்தில் கடல் தண்ணீர் ஏறுகிற மாதிரி, அவசரமே இல்லாமல். மூன்று நிமிஷத்தில் கறுப்பு குண்டுமணி அளவுக்குச் சுருங்கிப்போயிற்று.

"ஹீமாஞ்சியோமா!" என்றார் ஹேமநாத். முதல் தடவையாக மெஷினை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். "ஐயா, இது வெறும் ரத்தக்குழாய்ச் சிக்கல். மச்சம் மாதிரி. பிறவியிலேயே இருந்திருக்கும். ஒண்ணும் பண்ணாது. ஆபரேஷன் வேண்டாம்!"

அங்காளம்மாள் கும்பிட்டாள். டாக்டரையா மெஷினையா என்று அவளுக்கே தெரியாது. தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தப் படத்தைத்தான் பெங்களூர் மாநாட்டில் காட்டப்போவதாகவும், பன்னா வஞ்சிரம் கதையையும் சேர்த்துச் சொல்லப்போவதாகவும் சொன்னார். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று வேறு கேட்டார்.

பூவராகன் எழுந்து உட்கார்ந்து வயிற்றுப் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் முகத்தில் வரவில்லை.

"அர மணி முன்ன இருட்டுன்னீங்க. அறுக்கணும்னீங்க. இப்ப வெளிச்சம்ன்றீங்க, மச்சம்ன்றீங்க. அதே மிசினு, அதே டாக்டரு, அதே வவுறு."

"இப்பதானே மருந்து சரியாப் போச்சு," என்றார் ஹேமநாத்.

"நான் தட்டைப் பாக்கலன்னா?"

ஹேமநாத் மறுபடி மெஷினின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போன வாரம் ஒரு ஆளுக்கு ஏறலன்னீங்களே, அந்தாளுக்கு ஊசி போட்டது யாரு?"

கங்கையம்மாள் முதுகுக்குப் பின்னால் கட்டிய கையை இன்னும் அவிழ்க்கவில்லை. "நான்தான்," என்றார். குரல் கீழே போயிருந்தது. "அன்னைக்கும் நுரையா இருந்துச்சு."

"அனகாபுத்தூர் அரிகிருஷ்ணன்," என்று ஹேமநாத் முணுமுணுத்தார். "அவருக்கு ஆபரேஷன்..."

"என்னைக்கு?" என்றார் தோத்தாத்ரி.

"நாளைக்குக் காலைல. மேலே வார்டுலதான் இருக்கார்."

டாக்டர் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ஏசி அறையிலிருந்து ஒரு டாக்டர் ஓடிப் பூவராகன் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவருக்குப் பின்னால் கங்கையம்மாளும், செருப்புச் சத்தம் படபடக்க.

தோத்தாத்ரி மட்டும் நின்றார். "உங்களாலதான் அவரும் தப்பிச்சார். ஆறு மாசம் கழிச்சு நீங்க ஒருதரம் வந்து காட்டணும். வருவீங்களா? உங்களுக்கு இப்போ நம்பிக்கை வந்திருக்குமே!"

பூவராகன் அவரைப் பார்த்தார். கெட்ட ஆள் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம்.

"தட்டைக் களுவி வெய்யி," என்றார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

போட்டோவுக்கு நிற்கவில்லை. வாசல் பெஞ்சில் பித்தப்பைக் கல்காரி இப்போது வேறொருத்திக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் வெயில் தகித்தது. பஸ்கள் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தன. அங்காளம்மாள் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"கேட்டியா, மச்சம்னுட்டாரு! பரணிக்குப் போன் போடணும். அம்மனுக்குக் கூழு ஊத்தணும். இன்னாய்யா, வாயைத் தொறக்க மாட்டியா?"

"இன்னாத்தத் தொறக்கறது?"

"கட்டி இல்லன்னு ஆயிடுச்சில்ல?"

"கட்டி இல்லன்னு எவன் சொன்னான்? நல்ல கட்டின்னான். கட்டி கீதோ இல்லியோ, எனக்கே தெரியாது. மொத மொத கீதுன்னு சொன்னதும் ஒரு பொட்டிதான்."

"அப்ப அந்த ஆறு மாசம்?"

பூவராகன் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துப் பார்த்தார். நடுவில் ஒரு சின்ன ரத்தப் பொட்டு. சிவப்பாகத்தான் இருந்தது. வெள்ளையும் இல்லை, நுரையும் இல்லை. சாக்கடையில் எறிந்துவிட்டு ஸ்டேஷன் மேம்பாலத்துப் படிகளில் ஏறினார். பாதிப் படியில் நின்று, கட்டைவிரலால் வலது விலாவுக்குக் கீழே ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். முகாமுக்குப் போன நாளுக்கு முன்னால் அப்படி அழுத்திப் பார்க்கிற பழக்கமே அவருக்கு இருந்ததில்லை.

"நீ மார்க்கெட்டுக்குப் போ," என்றார் திரும்பாமல். "முனியம்மா உன் மீனெல்லாத்தையும் காலைல புடிச்சதுன்னு வித்துகினு கீறா."

மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்.